எக்ஸ்எல் ஒட்டின புஸ்தகம்

அது எந்த வயசுக்காரங்க படிக்கிற புஸ்தகம் சார்? தப்பா எடுத்துக்காதீங்க. ஏறினதுலேர்ந்து பாத்துக்கிட்டே வர்றேன், தலைய நிமித்தாமப் படிக்கிறீங்க. அட்டையக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. மரம் போட்டிருக்கான். மரம்தானேன்னு நம்பிரக் கூடாது. நான் பாத்ததுலயே மோசமான புஸ்தகத்துக்கு அட்டையில குத்துவிளக்குதான் போட்டிருந்துச்சு.

ஜன்னலோரம் நீங்களே இருங்க. எனக்குக் காத்தடிச்சா தலை கலைஞ்சிரும். இன்னைக்குத் தலை கலையக் கூடாது. ஏன்னு பெறகு சொல்றேன்.

நம்ம பேரு சௌந்தரபாண்டி. ஜெயதுர்கா ரெடிமேட்ஸ் கேள்விப்பட்டிருப்பீங்களே. இல்லையா? எந்த ஊரு நீங்க? மதுரையா, அதான். எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல நம்ம கடைதான். பெரியவங்களுக்கு நைட்டி, டீ-சர்ட்டு எல்லாம் வச்சிருக்கேன், ஆனா பேரு வாங்கினது புள்ளைக துணியில. ஒரு புள்ள வாசப்படி ஏறும்போதே வயசச் சொல்லிருவேன். அம்மாக்காரி 'எட்டு வயசுக்கு எடுங்க'ம்பா. நான் பத்து வயசு டப்பாவத்தான் எடுத்துப் போடுவேன். 'வளர்ற புள்ளம்மா, ரெண்டு வயசு கூட்டியே எடுங்க. தீவாளிக்கு எடுத்தது பொங்கலுக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.' எங்க ஊர்ல பாதிப் புள்ளைக இந்த வார்த்தையிலதான் வளந்துச்சு.

ஜெயதுர்கா எம் பொண்ணு. ஒரே பொண்ணு. பன்னெண்டாவது படிக்கிறா, காமர்ஸ். சாயங்காலம் வந்து கடையில பில்லுப் போடுவா. அவ போட்ட பில்ல நான் ஒருநாளும் திரும்பிப் பாத்தது கெடையாது, அம்புட்டுச் சரியா இருக்கும். அந்தப் புள்ளதான் இப்ப எங்கிட்ட அளந்து அளந்து பேசுது. அத நினைச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது. சொல்றேன், கேட்டுக்கிட்டே வாங்க. புஸ்தகம் எங்கயும் ஓடிப் போகாது.

ஆவணி மாசம் எங்க பெரியக்கா தட்டுத் தூக்கிக்கிட்டு வந்தா. பூ, பழம், வெத்தலை பாக்கு எல்லாத்தோடயும். அவ மகன் வேல்ராஜுக்கு எம் பொண்ணு வேணும்னு. துர்கா பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில வச்சே 'எம் மருமக'ன்னு சொல்லித்தான் தூக்கினா. மொறை சார். அக்கா மகன் கல்லுக் குண்டாட்டம் இருக்கும்போது பொண்ண வெளிய குடுத்தா ஊர்ல என்ன பேசுவாங்க? பையன் நல்ல பையன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். நம்ம கடைச் சரக்கே அவன் மூலமாத்தான் வருது. வயசு இருபத்தொம்பது. தையில பரிசம், பரீட்சை முடிஞ்ச கையோட வைகாசியில கல்யாணம்னு பேசிட்டோம்.

துர்காவுக்கு ஆடி வந்தாத்தான் பதினெட்டு முடியுது. ரெண்டு மாசம் கொறையுது, வாஸ்தவம்தான். ரெண்டு மாசத்துல என்ன சார் பெரிய பக்குவம் வந்து கொட்டிரப் போகுது? துணிக்கு ரெண்டு வருசமே கூட்டி எடுக்கிறோம்.

அவகிட்டக் கேட்டீங்களான்னு பாக்குறீங்க. எங்க பக்கம் புள்ளைகட்டக் கேக்கிறது கெடையாது, சொல்றதுதான். செல்வராணிய விட்டுச் சொல்லச் சொன்னேன், எம் பொண்டாட்டி. 'என்னடி சொன்னா?'ன்னு கேட்டேன். 'பெசஞ்ச சோத்த அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிட்டா'ன்னா. சரி, வெக்கம்னு விட்டுட்டேன்.

அந்த வாரத்துலயே ஒருநாள் பாத்தா, கல்லாப்பெட்டி மேல புஸ்தகம் கெடக்குது. துர்கா பில்லுப் போட்டுட்டுப் போகும்போது மறந்து வச்சிட்டுப் போயிட்டா. எதையும் மறக்கிற புள்ள இல்ல அது. சில்லறை அஞ்சு ரூவா கொறஞ்சாக்கூட பத்து நாள் கழிச்சுச் சொல்லும். அன்னைக்குன்னு பாத்து மறந்துட்டா. பள்ளிக்கூட லைப்ரரிப் புஸ்தகம். அட்டையில குத்துவிளக்கு, சரி, சாமி புஸ்தகம் போலன்னு கையில எடுத்தேன். நடுவுல நம்ம கடை விலைச்சீட்டு ஒண்ணச் சொருகி வச்சிருக்கா. அந்தப் பக்கத்தத் தொறந்தேன்.

தொறந்தா ஒரு பொண்ணு சார். பதினாறு வயசாம். கல்யாணம் முடிஞ்ச ராத்திரியாம். ரூம்ல தனியா உக்காந்திருக்கா, வெளிய செருப்புச் சத்தம் கேக்குது. 'எங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே'ன்னு அழுவுறா. அம்புட்டுதான் படிச்சேன். டபக்குன்னு மூடிட்டேன். அடுத்த பக்கத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? கடையில பொம்பளைக நைட்டி பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, நான் அந்தக் கருமத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். அது போக, அதென்ன அப்பனப் பத்தி ஒரு பேச்சு? இதப் படிக்கிற புள்ள வீட்டுல இருக்கிற அப்பனப் பத்தி என்ன நினைக்கும்?

என்ன கேட்டீங்க? டீவியா? ஆமா, சீரியல் பாப்போம். ராத்திரிச் சாப்பாடே சீரியலோடதான். அதுல ஒருத்திக்கு ரெண்டு புருசன், மாமியாருக்குப் பால்ல வெசம் வச்சிட்டா. துர்காவும் உக்காந்து பாப்பா. அது குடும்பத்தோட பாக்குறது சார், வேற. இது தனியா உக்காந்து படிக்கிறது. வித்தியாசம் இருக்குல்ல.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன். பொம்பளப் புள்ளைக ஸ்கூல்தான். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் நான். சும்மாக் குடுத்திரல, மைக் செட்டு நான் வாங்கிக் குடுத்தது. லைப்ரரிக்குப் பொறுப்பு எஸ்தர் டீச்சர், தமிழ் எடுக்கிறவங்க. ஒல்லியா, மெதுவாப் பேசுவாங்க. மெதுவாப் பேசுற ஆளுககிட்டத்தான் சார் சூதானமா இருக்கணும்.

'டீச்சர், இத ஒரு புள்ள கையில குடுக்கலாமா?'ன்னு மேசையில வச்சேன்.

'முழுசாப் படிச்சீங்களா அண்ணாச்சி?'ன்னாங்க.

'பாம்பு கெடக்குன்னு தெரிஞ்ச பெறகும் பொந்துக்குள்ள முழுசாக் கைய விடணுமா டீச்சர்?'

'அப்படி இல்ல அண்ணாச்சி. துர்கா இத ரெண்டு தடவ எடுத்திருக்கா. ஏன் எடுத்தான்னு அவகிட்டக் கேட்டீங்களா?'

பாருங்க. அவங்களும் கேட்டீங்களா, கேட்டீங்களான்னுதான் கேக்குறாங்க. நான் நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போயிட்டேன். ஹெச்.எம். அம்மா அடுத்த வருசம் ரிட்டயர் ஆகப் போறவங்க, எந்த வம்பும் ஆகாது அவங்களுக்கு. 'புஸ்தகத்துக்கெல்லாம் வயசு போட்டுருவோம்மா. எந்த வயசுப் புள்ளைக்கு எந்தப் புஸ்தகம்னு சீட்டு ஒட்டிருவோம். துணிக்கு ஒட்டலையா?'ன்னேன். 'செய்யுங்க அண்ணாச்சி, ஒரு கமிட்டி போட்டு நீங்களே செய்யுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க.

கமிட்டியில நான், மாவு மில் தங்கவேலு, எஸ்தர் டீச்சர். சீட்டு நம்ம கடைச் சீட்டுதான். ஆறு வயசு, எட்டு வயசு, பத்து வயசுன்னு கட்டுக் கட்டாக் கெடக்குது, எதுக்குப் புதுசா அடிக்கணும்? ஆனா புள்ளைக துணிக்குப் பதினாறோட சீட்டு முடிஞ்சிரும் சார். பதினெட்டுக்குச் சீட்டே கெடையாது. யோசிச்சுப் பாத்தேன். பெரியவங்க சரக்குல எக்ஸ்எல் சீட்டு நிறையக் கெடந்துச்சு. மோசமான புஸ்தகத்துக்கெல்லாம் எக்ஸ்எல்னு முடிவு பண்ணிட்டோம்.

ஒரு புஸ்தகத்த எடுத்த உடனே அது என்ன வயசுன்னு சொல்றது சாதாரணமில்ல. நான் கனத்தப் பாப்பேன். பெரிய புஸ்தகம்னா பெரிய வயசு. தங்கவேலு நடுவுல பிரிச்சு ஒரு பக்கம் படிப்பான். அவன் மொகத்தப் பாத்தே வயசு தெரிஞ்சிரும். ஒரு புஸ்தகத்தப் பிரிச்சவன் நேரம் போறது தெரியாமப் படிக்கிறான், தோள்ல கெடந்த துண்ட எடுத்து நெத்தியத் தொடைக்கிறான். 'என்னய்யா?'ன்னேன். 'சாமி கதைதான் அண்ணாச்சி. ஆனா சாமி பண்ற வேலை நல்லா இல்ல'ன்னான். சாமி கதைக்கு எக்ஸ்எல் ஒட்டினா நாளைக்கு ஊர்ல நடமாட முடியுமா? பத்து வயசு ஒட்டியாச்சு.

கறவை மாடு வளர்ப்புன்னு ஒண்ணு. அதுல சினை ஊசி போடுற பாடம் இருக்குன்னு தங்கவேலு அதுக்கு எக்ஸ்எல்லுன்னுட்டான். அவன் வீட்டுல ரெண்டு பசு நிக்குது, அவன் மகதான் பால் பீச்சுறா. எஸ்தர் டீச்சர் வாயில முந்தானைய வச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்துட்டாங்க. இருமல் வந்திருச்சாம்.

கடைசியாக் குத்துவிளக்குப் புஸ்தகம். அத நானே கையில எடுத்து, நடு அட்டையில எக்ஸ்எல் ஒட்டி, அமுக்கித் தேச்சு விட்டேன்.

'அண்ணாச்சி, இத மட்டும் பன்னெண்டாவது புள்ளைகளுக்காவது குடுக்கலாமே'ன்னாங்க டீச்சர். 'இன்னும் கொஞ்ச மாசத்துல எல்லாருக்கும் பதினெட்டு ஆகிரும்.'

'ஒரு நாள் கொறஞ்சாலும் கூடாது டீச்சர். வயசுன்னா வயசுதான்.'

'அப்ப இந்த ஸ்கூல்ல யாருமே இதப் படிக்க முடியாதே.'

'நீங்க படிங்க. யாரு வேணாம்னா?'

சரின்னு தலைய ஆட்டிட்டு, 'காரணம் ஒரு வரி சொல்லுங்க, போர்டுல எழுதிப் போடணும்'னாங்க. எனக்கு அந்த நேரத்துல எங்கிருந்து வந்துச்சோ தெரியல சார், நிறுத்தாமச் சொன்னேன். 'பதினெட்டு வயது முடியாத பெண்ணுக்கு, கல்யாணம் என்றால் என்ன, குடும்பம் என்றால் என்ன என்று புரிந்துகொள்கிற பக்குவம் கிடையாது.' சுத்தத் தமிழ்ல சொன்னேன்.

டீச்சர் பேனாவ நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. 'இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி.' சொன்னேன். 'இதுல நான் ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன்'னாங்க. இருபது வருசமாத் தமிழ் எடுக்கிறவங்க சார் அவங்க. 'இத போர்டுல போட்டா நாப்பது புள்ளைகதான் படிக்கும். பெரிசா எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கலாமே'ன்னு யோசனை சொன்னதும் அவங்கதான். நான் அவங்களத் தப்பா நினைச்சிட்டேனேன்னு அன்னைக்கு மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு.

பேனர் அடிச்சேன். பத்துக்கு எட்டு. வெள்ளைச் சட்டை, கை ரெண்டையும் கூப்பி, பின்னாடி சூரியன் உதிக்கிற மாதிரி. பக்கத்துல அந்த வாசகம், செவப்புல. ஸ்கூல் காம்பவுண்டுச் சொவத்துல, பஸ் ஸ்டாண்டப் பாத்தாப்புல கட்டியாச்சு. கல்லாவுல உக்காந்தா என் மூஞ்சி எனக்கே தெரியும். பெற்றோர் கூட்டத்துல மைக்கப் பிடிச்சு அந்த வாசகத்தையும் சொன்னேன், 'வயசுன்னா வயசுதான், ஒரு நாள் கொறஞ்சாலும் கூடாது'ன்னும் சொன்னேன். கைதட்டுன்னா அப்படி ஒரு கைதட்டு. புள்ளைகதான் ரொம்ப நேரம் தட்டுச்சுக.

அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக எனக்கு எக்ஸ்எல் மாமான்னு பேரு வச்சதெல்லாம் வேற கதை. எக்ஸ்எல் புஸ்தகத்தப் பூரா கண்ணாடி பீரோவுல பூட்டி வச்சோமா, எடுத்துப் படிக்க முடியாட்டியும் வெளிய நின்னு ஒவ்வொண்ணாப் பேரப் படிக்குதுகளாம். அதுவரைக்கும் லைப்ரரிப் பக்கமே எட்டிப் பாக்காததுக எல்லாம் இப்ப மத்தியானச் சோத்தத் தூக்கிக்கிட்டு அங்கதான் உக்காருதுகளாம். ஒழுக்கம் வந்திருச்சுன்னு ஹெச்.எம். அம்மாவுக்குச் சந்தோசம்.

பேனர் கட்டின அன்னைக்குச் சாயங்காலம் துர்கா கடைக்கு வர்ற வழியில அதுக்கு முன்னாடி நின்னா. நான் கல்லாவுலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ரொம்ப நேரம் நின்னு படிச்சா. உள்ள வந்து, 'நல்லா இருக்குப்பா'ன்னா. ஆவணிக்குப் பெறகு அவளா எங்கிட்டப் பேசின மொத வார்த்தை சார் அது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

'நெசமாவே அப்படித்தான் நினைக்கிறீங்களாப்பா?'ன்னு கேட்டா.

'பின்ன? ஊரு முன்னாடி பேசினத மாத்திப் பேசுவனா?'

'ஞாபகம் வச்சுக்கிறேன்பா'ன்னா.

கேட்டு போட்டுட்டான் போல, ரயில் வருது. வரட்டும். நேரம் இருக்கு. தலை கலையலையே?

தை மாசம் பரிசம். வீட்டு வாசல்ல பந்தல், சேரு, காப்பி, கேசரி எல்லாம் தடபுடலா இருக்கு. எங்கக்கா பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு, சொந்தக்காரப் பொம்பளைக தட்டுத் தூக்கி வர, முன்னாடி நடந்து வர்றா. வேல்ராஜ் லீவு போட்டு வந்திருக்கான். துர்காவ உள்ள சேலை கட்டி உக்கார வச்சிருக்கு. அந்நேரம் பாத்து ஜீப்பு வந்து நிக்குது. ஒரு சின்ன வயசு மேடமும், கூட ஒரு பொம்பளப் போலீஸும் எறங்குறாங்க. குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியாம்.

'இங்க கல்யாணம் பேசுறதாத் தகவல் வந்துச்சு. பொண்ணுக்கு வயசு என்ன?'ன்னாங்க.

எங்கக்கா முந்திக்கிட்டு, 'பதினெட்டு முடிஞ்சு போச்சும்மா'ன்னா.

அந்த மேடம் அவளப் பாக்கவே இல்ல. என்னையத்தான் பாத்தாங்க. 'சார், பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பேனர் பாத்துட்டு வந்தேன். அதுல இருக்கிறது நீங்கதான?'

எனக்கு உசுரு வந்திருச்சு. தெரிஞ்ச மொகம்னு விட்டுருவாங்கல்ல. சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு, 'ஆமாம்மா, நான்தான்'னேன்.

'அந்த வாசகம் நீங்களே யோசிச்சதா?'

'பின்ன? எனக்கு எவன் எழுதிக் குடுப்பான்?'

'ரொம்ப அருமையான வாசகம் சார்'னு சொல்லிட்டு, பந்தல்ல இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி அத முழுசாச் சொன்னாங்க. மனப்பாடமா. என் வீட்டு வாசல்ல, எங்கக்கா கையில தட்டோட நிக்கையில. பதினெட்டு வயது முடியாத பெண்ணுக்கு, கல்யாணம் என்றால் என்ன, குடும்பம் என்றால் என்னன்னு. 'அப்புறம் நான் என்ன சார் பேச? எல்லாத்தையும் நீங்களே பேசிட்டீங்க'ன்னாங்க.

எங்கக்கா திரும்பினா. 'ஏண்டா, ஊருக்கே பேனர் அடிச்சுச் சொல்லிட்டுத்தான் என்னயத் தட்டுத் தூக்க வச்சியா?'

'அக்கா, அது புஸ்தகத்துக்குச் சொன்னதுக்கா. கல்யாணத்துக்கா சொன்னேன்?'

'கல்யாணத்தப் பத்திப் படிக்கவே பக்குவமில்லாத புள்ளையத்தான் எம் மகனுக்குக் கட்டி வைக்கப் பாத்தியா?'

அதுக்கு எனக்குப் பதில் வரல சார். ஒரு மாசமாச்சு, இன்னும் வரல. படிச்ச ஆளா இருக்கீங்க, உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா? தோணினா எறங்குறதுக்குள்ள சொல்லுங்க.

பெறகு துர்காவக் கூப்பிட்டாங்க. பட்டுச் சேலையில வந்து நிக்கிறா. சேலை அவளுக்கு ஒரு சைஸ் பெரிசு மாதிரி இருந்துச்சு, அப்பத்தான் எங் கண்ணுல பட்டுச்சு. 'உனக்கு என்னம்மா வேணும்?'னு மேடம் கேட்டாங்க. 'காலேஜ் போகணும் மேடம், பி.காம்.'னா. 'வீட்டுல என்ன சொல்றாங்க?' அவ எம் பக்கம் பாக்கல. தரையப் பாத்துக்கிட்டு, 'எங்கப்பா மைக்லயே சொல்லியிருக்காரு மேடம். வயசுன்னா வயசுதான், ஒரு நாள் கொறஞ்சாலும் கூடாதுன்னு'ன்னா. சொல்லி முடிச்சிட்டு அழுதுட்டா. அம்புட்டுப் பேரு முன்னாடி எம் பொண்ணு அழுது நான் பாத்ததில்ல. எனக்கு எங்கிட்டுப் பாக்குறதுன்னு தெரியல.

எழுதிக் குடுத்தேன். வயசு முடியாமக் கட்டிக் குடுக்க மாட்டேன், அவ படிக்கிற வரைக்கும் படிக்க வைப்பேன்னு. அக்கா தட்டத் திருப்பித் தூக்கிக்கிட்டுப் போனவதான், இன்னும் ஒரு பேச்சு இல்ல. வேல்ராஜ் மட்டும் திருப்பூர் போயிப் போன் பண்ணினான். 'மாமா, அம்மாட்டச் சொல்லிராதீங்க. எனக்கும் இப்பத்தான் மூச்சு விடுற மாதிரி இருக்கு'ங்கிறான். அவன்கிட்டயும் யாரும் கேக்கல போல.

யாரு போன் பண்ணினதுன்னு எனக்கு ஒரே கொதிப்பு. நேரா எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். 'நான் பண்ணல அண்ணாச்சி. பண்ணியிருந்தா ஒத்துக்கிறதுல எனக்கென்ன பயம்?'னாங்க. வீட்டுக்கு வந்தா துர்கா எதுக்க வந்து நிக்கிறா. 'டீச்சர ஏம்ப்பா சத்தம் போட்டீங்க? நான்தான் பண்ணினேன்.' நம்பரு எங்கடி கெடச்சுச்சுன்னேன். உள்ள போயி அவ பாடப் புஸ்தகத்த எடுத்துட்டு வந்து திருப்பிக் காட்டினா. பின்பக்கத்துல, புள்ளைகளுக்கு ஒண்ணுன்னா கூப்பிடுற நம்பரு, ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டு. எல்லா வகுப்புப் புஸ்தகத்துலயும் இருக்காம். லைப்ரரி பூராவும் தூசியில உக்காந்து நான் சீட்டு ஒட்டினேன் சார், கறவை மாட்டக்கூட விடல. பாடப் புஸ்தகத்துக்கு ஒட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

இப்ப எங்க போறேன்னு கேளுங்க. போன வாரம் அந்த மேடம் கடைக்கே வந்துட்டாங்க. மறுபடி என்னத்த எழுதி வாங்க வந்தாங்களோன்னு நினைச்சேன். பாத்தா, சிரிச்ச மொகமா நிக்கிறாங்க. 'சார், உங்க வாசகத்த மாவட்டம் பூரா வைக்கலாம்னு இருக்கோம், உங்க போட்டோவோட. விருதுநகர்ல விழிப்புணர்வுக் கூட்டம். சொந்தப் பொண்ணு கல்யாணத்தையே நிறுத்தின தகப்பன்னு உங்கள மேடையில உக்கார வச்சுப் பேச விடணும்'ங்கிறாங்க. பொன்னாடையெல்லாம் உண்டாம். நான் எங்கம்மா நிறுத்தினேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வரமாட்டேன்னா, அப்ப பேனர்ல போட்டது பொய்யான்னு கேப்பாங்க. வந்தா எங்கக்கா இந்த ஜென்மத்துக்கும் பேச மாட்டா. என்ன பண்ணச் சொல்றீங்க? செல்வராணி வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்துட்டு உள்ள போயிச் சிரிக்கிறா, கேக்கலன்னு நினைச்சுக்கிட்டு. நான் காலையிலயே தலைக்கு மை அடிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டேன். மாவட்டம் பூரா நம்ம போட்டோன்னா, அதுவும் லேசில்லைல.

ஆனா மேடையில என்னத்தப் பேசுறது? அந்தக் குத்துவிளக்குப் புஸ்தகத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு கதையச் சொல்லி, அப்படியே நம்ம கதைக்கு வந்தா நல்லா இருக்கும்ல. நான் படிச்சது அந்தச் செருப்புச் சத்தம் வரைக்கும்தான். அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு தெரியல. நெசத்தச் சொல்றேன் சார், ஆவணியிலேர்ந்து அந்தப் பொண்ணு ராத்திரி ஆனா மனசுக்குள்ள வந்து உக்காந்துக்கிருது. புஸ்தகம் எக்ஸ்எல் பீரோவுக்குள்ள கெடக்கு. போயித் தொறங்கன்னு டீச்சர்கிட்டக் கேக்க முடியுமா? என்னைய என்னன்னு நினைப்பாங்க?

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பு வந்திருச்சு. நான் எறங்கணும். கண்டக்டர், ஒரு நிமிசம்யா, வயசாளி எறங்குறேன்.

இன்னைக்குக் காலையில துர்கா சைக்கிள எடுத்துக்கிட்டு நின்னா. பக்கத்துல போயி, 'ஏம்மா, அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆனா?'ன்னு கேட்டேன். நான் அவகிட்ட ஒண்ணு கேட்டு எம்புட்டு நாளாச்சுன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. அவளுக்கும் உறைச்சிருக்கும் போல, என்னையே பாத்தா. பெறகு சிரிச்சா. ஆறு மாசத்துக்குப் பெறகு சிரிக்கிறா சார், பல்லு தெரிய. சைக்கிள்ல ஏறி உக்காந்துக்கிட்டு, 'அதத் தெரிஞ்சுக்க உங்களுக்கு இன்னும் வயசு பத்தாதுப்பா'ன்னுட்டுப் போயிட்டா.

எனக்கு நாப்பத்தெட்டு முடிஞ்சு போச்சு. எத்தன வயசாகணுமாம் சார்?